துரை இங்கே வரட்டும்

"புள்ளைங்க பங்களாவுக்குப் போகமாட்டாங்க சேர். துரைய இங்க வரச் சொல்லுங்க."

ஊர்மிளா இதைச் சொன்னபோது பள்ளிக்கூட அதிபர் கணேசமூர்த்தி தேநீர்க் கோப்பையை வாய்வரைக்கும் கொண்டுபோயிருந்தார். குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவிலிருந்து செய்தியோடு வந்திருந்த கணக்கப்பிள்ளை வீரய்யா சுவரிலிருந்த கலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். கதவருகே நின்ற இராஜகுமாரி டீச்சர் மட்டும் ஊர்மிளாவையே பார்த்தாள். தனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாயால் சொல்லக்கூடாத ஒன்று அது. ஊர்மிளா வேலைக்கு வந்த முதல் நாளே அதிபர் சொல்லியிருந்தார். இராஜகுமாரியும் பக்கத்தில் நின்று கேட்டவள்தான்.

"பிள்ளை, இஞ்ச நீர் எல்லாம் கேக்கலாம். சோக்கட்டி கேளும், லீவு கேளும், என்னோட சண்டையும் பிடியும். துரையிட்ட மட்டும் ஒண்டும் கேக்கக்கூடாது. அவர் கூப்பிட்டா நாங்கள் போறது. நாங்கள் அவரைக் கூப்பிடுறேல்லை."

கணேசமூர்த்தி யாழ்ப்பாணத்துக்காரர். மலைக்கு வந்து தலை நரைத்தவர். கெட்ட மனுசன் இல்லை. பள்ளிக்கூடம் நிற்கிற நிலம் தோட்டத்து நிலம். பீப்பாயில் விழுகிற தண்ணீர் தோட்டத்துத் தண்ணீர். விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற லொறி தோட்டத்து லொறி. இதையெல்லாம் கழித்துப்போட்டால் மிஞ்சுவது கரும்பலகையும் பிள்ளைகளும்தான் என்று அவர் பயந்தார். அது போதுமே என்று ஊர்மிளா நினைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவே இருந்த தகராறு இவ்வளவுதான்.

ஊர்மிளா றொசல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஒரு காம்பராவில் பிறந்தவள். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கிக்கொண்டு கொட்டகலைக்கு மேலே இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆசிரியையாக வந்தபோது, அதிபர் அவளைப் பதினோராம் வகுப்பில் போடப் பார்த்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை ஆங்கிலம் பேசப் பழக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து புதிதாகச் சொல்லியிருந்த காலம் அது. அந்தப் பாடத்தை எந்த வகுப்பாசிரியரும் தீண்டுவதில்லை. "எனக்குச் சின்னப் புள்ளைங்களத் தாங்க" என்று இவள் நின்றாள். பட்டதாரிக்கு இப்படியும் பைத்தியம் பிடிக்குமா என்று ஓய்வறையில் சிரித்தார்கள். ஊர்மிளா சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு சுலபத்தில் வராது. முகத்துக்கு நேரே பேசுவாள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்பாள். ஒரு மாதத்துக்குள்ளேயே கோபக்காரி என்று பெயர் எடுத்துவிட்டாள்.

ஒன்றாம் வகுப்பின் ஆசிரியை இராஜகுமாரி. இதே தோட்டத்தின் பள்ளத்திலிருக்கிற பணிய லயத்தில் பிறந்து, படித்து, பயிற்சி முடித்து இங்கேயே வந்தவள். புருஷன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பது தோட்டம் கொடுத்த வீடு. தன் வகுப்புக்குள் இன்னொருத்தி நுழைவது அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை. என்னதான் கிழிக்கிறாள் பார்ப்போம் என்று வகுப்பின் பின்வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் நாள் ஊர்மிளா பிள்ளைகளிடம் சிரித்த முகமாக ஆங்கிலத்தில் கேட்டாள், நீங்கள் எல்லாம் நாயா என்று.

வகுப்பே எழுந்து நின்றது. கைகளைக் கட்டிக்கொண்டது. தலையைத் தாழ்த்தியது. "யெஸ் சேர்."

நீங்கள் எல்லாம் மீன்களா என்று கேட்டாள்.

"யெஸ் சேர்."

இராஜகுமாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊர்மிளாவின் முகம் மாறிவிட்டது. பாடம் முடிந்ததும் நேரே பின்வாங்குக்கு வந்தாள்.

"இதுல சிரிக்க என்னா டீச்சர் இருக்கு? நான் பொம்பள. என்னையப் பாத்து சேர்ங்குதுக."

"அது அப்படித்தான் டீச்சர். லயத்துல 'துரை வெளையாட்டு' வெளையாடுவாங்க. நானும் வெளையாண்டவதான். ஒருத்தன் துரை. அவன் டாம் டூம்னு இங்கிலிஸ்ல கத்துவான். மத்தவங்க கையக் கட்டிக்கிட்டு யெஸ் சேர்னு சொல்லணும். இங்கிலிஸ்னா அதான்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுக."

"அப்ப இங்கிலிஸ் தெரியாத புள்ளைங்க இல்ல இதுங்க" என்றாள் ஊர்மிளா. "நல்லாவே தெரியுது. யாரோ ஒழுங்கா படிச்சுக் குடுத்திருக்காங்க. இதத்தான் மொதல்ல மறக்கடிக்கணும்."

அன்று இடைவேளையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண்வெட்டிய மேட்டில் பிள்ளைகள் துரை விளையாட்டு விளையாடினார்கள். துஷாந்த் என்கிற பையன் துரை. கையில் கொய்யாக் கம்பு. வாயில் வந்ததையெல்லாம் கத்தினான். மற்றவர்கள் யெஸ் சேர் போட்டுக்கொண்டு புல் பிடுங்கினார்கள். ஊர்மிளா இடைவேளை முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏசப்போகிறாள் என்றுதான் இராஜகுமாரி நினைத்தாள். ஏசவில்லை.

மறுநாள் கொட்டகலைக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு பழைய காக்கித் தொப்பியோடு வகுப்புக்கு வந்தாள். விளையாட்டு அதேதான். தொப்பி போட்டவர் துரை. துரை ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் செய்ய வேண்டும். ஆனால் செய்வதற்கு முன்னால் துரையிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். துரை பதில் சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டால் தொப்பியைக் கழற்றிக் கேள்வி கேட்டவரிடம் கொடுத்துவிட வேண்டும். கையைக் கட்டினால் ஆட்டத்திலிருந்து அவுட்.

அப்புறம் நடந்ததை இராஜகுமாரி கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டாள். தொப்பி ஆசை பிள்ளைகளைப் பிடித்து ஆட்டியது. தொப்பியைப் பறிக்கக் கேள்வி வேண்டும், தொப்பியைக் காப்பாற்றப் பதில் வேண்டும். ஊர்மிளா சிமெந்துத் தரையில் முழங்காலில் நின்று, ஒவ்வொரு பிள்ளையின் உயரத்துக்கும் இறங்கி, வாயைத் திறந்து காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். ஓய்வறையில் சுள்ளென்று விழுகிறவள் பிள்ளைகளிடம் குரலை உயர்த்தியதேயில்லை. ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னால் திருத்தமாட்டாள். தானே சரியாக ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை தானாகத் திருத்திக்கொண்டு வந்து நிற்கும். முதல் தவணை முழுக்க வெறும் பேச்சுத்தான். அதற்குப் பிறகு கேள்விகள் பிஸ்கட் பெட்டி அட்டைகளில் ஏறின. வாசிக்கத் தெரிந்த கேள்வியைத்தான் கேட்கலாம் என்று சட்டம் மாறியது. மூன்றாம் தவணையில் சட்டம் மறுபடியும் மாறியது. அவரவர் கேள்வியை அவரவரே எழுதி ஒரு டின்னுக்குள் போட வேண்டும். எழுத்துகள் கோணிக்கொண்டும் குப்புற விழுந்துகொண்டும் வந்தன. ஆனால் வந்துகொண்டே இருந்தன.

இராஜகுமாரி பிள்ளைகளின் கைகளைத்தான் கவனித்தாள். முதலில் கட்டு அவிழ்ந்தது. அப்புறம் இடுப்பில் ஏறியது. அப்புறம் விரலை நீட்டிக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. பின்வாங்கை விட்டு எழுந்து அவளும் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

ஒருநாள் லோஜினியின் அம்மா வீரம்மா மலையிலிருந்து கூடையோடு நேரே வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், என்னா டீச்சர் இது. எம்புள்ள வூட்ல உசுர வாங்குது. தண்ணி மோந்துட்டு வாடின்னா வொய்ங்குது. படுடின்னா வொய்ங்குது. நேத்து அவங்கப்பா குடிச்சிட்டு வந்தாரு, அவரையும் வொய்னு கேட்டுருச்சு."

"அவரு என்னா சொன்னாரு?" என்றாள் ஊர்மிளா.

"என்னாத்தச் சொல்ல. பேசாம போயி படுத்துட்டாரு."

"அப்ப நல்ல கேள்விதான் கேட்டிருக்கா. நீங்க தமிழ்லயே பதில் சொல்லுங்க. அவளுக்குப் புரியும்."

வீரம்மா கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். உள்ளே அவளுடைய மகள் காக்கித் தொப்பி போட்டுக்கொண்டு யாரையோ ஆங்கிலத்தில் நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீரம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு மலைக்குத் திரும்பினாள். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் போன வாரம் அந்த ஜீப் சங்கதி நடந்தது.

பள்ளிக்கூடம் விட்டு, தூறலுக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இராஜகுமாரி தோட்டத்துப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தாள். எதிரே துரையின் ஜீப் வந்தது. துரையின் வாகனம் வந்தால் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிக் குடையை மடக்கி நிற்பது தோட்டத்து வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மீறினதுமில்லை. இராஜகுமாரி இறங்கிக் குடையை மடக்கினாள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இறங்கின. லோஜினியும் துஷாந்தும் மட்டும் நடுப்பாதையில் நின்றார்கள்.

ஜீப் நின்றது. சாரதி அழகன் தலையை வெளியே நீட்டி, "ஏய் குட்டிகளா, கானுக்குள்ள எறங்குங்க" என்று பல்லைக் கடித்தான். பின்னால் இருந்த துரை கண்ணாடியை இறக்கினார். கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த சிங்களத் துரை, இளம் வயது, தலையில் தொப்பி. பிள்ளைகளைப் பார்த்தால் பெரிய மனிதர்கள் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார். "வாட் இஸ் யுவர் நேம்?"

"மை நேம் இஸ் லோஜினி" என்றாள் அவள். "வாட் இஸ் யுவர் நேம்?"

அந்தத் தோட்டத்தில் துரைக்கு ஒரு பெயர் இருக்குமென்று யாரும் யோசித்ததே இல்லை. இராஜகுமாரியின் கையிலிருந்த குடை நழுவியது. அழகன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். துரை கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினார். தன் பெயர் ரொஷான் என்றார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டான் துஷாந்த். தொழிற்சாலைக்கு என்றார் துரை.

"வொய்?" என்றாள் லோஜினி.

இன்றைக்குத் தேயிலை சரியில்லை, பார்க்கப் போகிறேன் என்றார்.

"வொய்?"

துரை தோளைக் குலுக்கிச் சிரித்தார். "ஐ டோன்ட் நோ" என்றார்.

லோஜினி கையை நீட்டினாள். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. "ஹேட், சேர்" என்று துஷாந்த் விளக்கினான், ஆட்டம் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. துரை தொப்பியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். அது லோஜினியின் மூக்குவரைக்கும் இறங்கியது. துரை வெறுந்தலையோடு ஜீப்பில் ஏறிப் போனார்.

இராஜகுமாரி முழங்கால் தண்ணீரில் கானுக்குள் நின்றுகொண்டிருந்தாள். அவள் வளர்த்த பிள்ளைகள் பாதை நடுவில் நின்றார்கள். ஊர்மிளாவிடம் போய்ச் சொன்னபோது அந்தக் கோபக்காரி முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

தொப்பியை வீரய்யா அன்றே வாங்கிக்கொண்டுபோய்ப் பங்களாவில் கொடுத்து, எல்லார் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். துரை கோபப்படவில்லையாம். அதற்குப் பதிலாகத்தான் இன்று இந்தச் செய்தி வந்திருந்தது. சனிக்கிழமை பின்னேரம் கம்பெனியின் பெரிய ஆட்கள் கொழும்பிலிருந்து வருகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வெள்ளை உடுப்போடு பங்களாப் புல்தரைக்குக் கூட்டிவர வேண்டும். வரிசையாக நிற்க வேண்டும். தோட்டத்து ஆபீசில் எழுதித் தருகிற நன்றி வார்த்தையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், கும்பிட வேண்டும், கேக் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

அதற்குத்தான் ஊர்மிளா சொன்னாள், துரை இங்கே வரட்டும் என்று.

கணேசமூர்த்தி கோப்பையைக் கீழே வைத்தார். "உமக்கு என்ன கதைக்கிறீர் எண்டு விளங்குதோ?"

"விளங்குது சேர். இந்தப் புள்ளைங்க பேசுறது இங்கிலிஸ். பங்களாவுல கேக்குறது மனப்பாடப் பாட்டு. நான் பாட்டுப் படிச்சுக் குடுக்கல்ல. கேள்வி கேக்கத்தான் படிச்சுக் குடுத்தேன். அவரு வரட்டும், வந்து வாங்குல உக்காரட்டும், அந்தக் கம்பெனி ஆளுங்களும் வரட்டும். புள்ளைங்க கேப்பாங்க. அவங்க பதில் சொல்லட்டும்."

"டீச்சரம்மா" என்றார் வீரய்யா, "துரை எங்கயாச்சும் ஒண்ணாப்பு வாங்குல உக்காருவாருங்களா? வாங்கு தாங்குமா மொதல்ல?"

"ரோட்டுல எறங்கி மழையில நின்னு பதில் சொன்ன மனுசன். வாங்குல உக்கார மாட்டாரா?"

"பிள்ளை, இஞ்ச பாரும்." அதிபர் ஜன்னல் வழியே விரலால் காட்டினார். எதிரேயிருந்த ஒன்றாம் வகுப்பின் மூலைக்கு மேலே கூரைத் தகரம் கறுத்து ஓட்டையாகிக் கிடந்தது. "எத்தனை வருசமா நான் இந்தத் தகரத்துக்கு அலையிறன். சனிக்கிழமை அவையள் சந்தோசப்பட்டா திங்கட்கிழமை தகரம் வரும். உம்மட கோவத்தால மழை நிக்காது."

இராஜகுமாரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மழை பெய்தால் வாளி வைப்பது அவள்தான். ஊர்மிளாவும் ஜன்னலருகே போனாள். ஓட்டையையே பார்த்தாள்.

"தகரம் வேணும் சேர்" என்றாள் பிறகு, மெதுவாக. "நல்லா வேணும். அதையும் புள்ளைங்களே கேக்கட்டும். ஏன் எங்க கூரை ஒழுகுதுன்னு இங்கிலிஸ்ல கேக்க அவங்களுக்குத் தெரியும், நான் கேட்டுப் பாத்துட்டேன். ஆனா கையக் கட்டி நின்னு ஆடிக் காட்டி வாங்கின தகரத்துக்குக் கீழ இருந்துக்கிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேள்வி கேளுன்னு சொல்றது? ஒரு வருசமா அவுத்த கைய ஒரே பின்னேரத்துல கட்டிப்புடுவீங்க."

அதிபரின் முகம் சிவந்தது. "அப்ப உமக்கு ஒண்டாம் வகுப்பு இல்லை. திங்கள் துவக்கம் பதினோராம் வகுப்புக்குப் போம். சனிக்கிழமை பிள்ளைகளை ராஜகுமாரி கூட்டிக்கொண்டு போகட்டும். ராஜகுமாரி, என்ன சொல்லுறீர்?"

இராஜகுமாரி இதை எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் புருஷனின் வேலை வந்து நின்றது, தோட்டத்து வீடு வந்து நின்றது. வீரய்யா அவளையே பார்த்தார். ஊர்மிளா பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சியிருந்தாலாவது இராஜகுமாரிக்குக் கோபம் வந்திருக்கும். இவள் கெஞ்சவில்லை.

"கூட்டிட்டுப் போறேங்க சேர்" என்றாள் இராஜகுமாரி. "ஆனா அங்க வச்சு ஒரு புள்ள கேள்வி கேட்டா, நான் அதோட வாயப் பொத்த மாட்டேன்."

"என்னாங்க டீச்சர் பேசுறீங்க?" வீரய்யா பதறினார். "பெரிய பெரிய ஆளுங்கங்க. லோஜினி போயி பேரென்னான்னு கேட்டுச்சுன்னா?"

"கேக்கும். அப்புறம் வொய்ங்கும். பதில் தெரியாட்டி தொப்பிக்குக் கை நீட்டும். அது அப்படித்தான் படிச்சிருக்கு. நாங்க அப்படித்தான் படிச்சுக் குடுத்திருக்கோம்."

நாங்க என்று சொன்னபோது அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் வாபஸ் வாங்கவில்லை.

வீரய்யா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தொப்பியில்லாமல் கம்பெனி ஆட்கள் புல்தரையில் நிற்கிற காட்சி அவர் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும். "சேர், அப்ப இந்தப் புள்ளைக பங்களாவுக்கு வேணாங்க. ஒரேயடியா வேணாம். நம்ம பொழப்புப் போயிரும்."

"வேண்டாம் எண்டு துரையிட்ட ஆர் சொல்லுறது? நீர் சொல்லுவீரோ?"

"நானா? எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்குங்க சேர்."

"நானும் சொல்லமாட்டன்" என்றார் கணேசமூர்த்தி.

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்மிளா அதற்குள் கையிலிருந்த சோக் தூளைத் தட்டிவிட்டிருந்தாள். அப்போதுதான் இராஜகுமாரி அவள் உடுத்தியிருந்த சேலையைக் கவனித்தாள். நுவரெலியாவுக்குக் கல்விக் கந்தோர் அலுவலாகப் போகிற நாட்களில் மட்டும் உடுத்துகிற நீலச் சேலை. இன்று எங்கும் போகிற நாள் இல்லை. காலையில் இந்த அறைக்குள் வரும்போதே இவள் முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். அனுமதி கேட்க வரவில்லை. தெரியப்படுத்த வந்திருக்கிறாள்.

"எங்க வெளிக்கிடுறீர்?"

"பங்களாவுக்கு சேர்."

"ஆரைக் கேட்டு? இண்டைக்கு உமக்குப் பாடம் இருக்கு."

"இருக்கு. இன்டர்வெல்லுக்குள்ள வந்துருவேன். நீங்க அனுப்புனீங்கன்னு சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. இங்கிலிஸ் டீச்சர் வந்தேன், புள்ளைங்க உங்களக் கூப்புடுறாங்கன்னு சொல்லுவேன். வாறதும் வராததும் அவரு இஷ்டம்."

"வரமாட்டார்."

"வரல்லைன்னா வரல்ல. கூப்புட்டோமா இல்லையான்னு புள்ளைங்க கேட்டா, எனக்குப் பதில் இருக்கும்." அவள் இராஜகுமாரியின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், கேள்விய எழுத வைங்க. லோஜினி வேகமா எழுதிட்டு மத்தவங்கள நோண்டுவா, அவளுக்கு ரெண்டு குடுங்க."

"நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க" என்றாள் இராஜகுமாரி.

அதிபர் மேசையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தார். தடுக்கத்தான் வந்தார் போலிருந்தது. ஆனால் கதவுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

பள்ளிக்கூடத்து வாசலுக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரிகிறது. வேலைக்காரரும் கணக்கப்பிள்ளைமாரும் பங்களாவுக்குப் போவது வலதுபக்கம், பின்பக்கக் குசினி வாசலில் முடிகிற ஒற்றையடி. இடதுபக்கம் சரளைக்கல் போட்ட வாகனப் பாதை, நேரே முன்வாசலுக்கு. அதிபரும் கணக்கப்பிள்ளையும் இராஜகுமாரியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீலச் சேலையின் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர்மிளா இடதுபக்கம் ஏறி நடந்தாள்.